சீனு மாமாவும் பிரஷர் மாத்திரையும்

போன வாரம் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா புலம்பிக்கொண்டிருந்தார். மகனுக்கு பைபோலாராம், மனசு ஒரேயடியாக ஏறி இறங்குகிற நோய். கூடவே பிரஷரும். பிரஷர் மாத்திரையை மட்டும் தொடமாட்டேன் என்கிறானாம். திமிராம்.

திமிரா? எனக்கு என் அக்கா வீட்டுக்காரர் சீனு மாமா ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் விருத்தாசலத்தில் பீங்கான் கப்புகளுக்குப் பளபளப்புப் பூச்சு பூசுகிற வேலை அவருக்கு. பைபோலார் என்கிற பேரெல்லாம் அப்போது ஊருக்குத் தெரியாது. 'கொஞ்சம் லூஸு' - அவ்வளவுதான் டயக்னோசிஸ். ஃபீஸும் கிடையாது.

ஏறுமுகத்தில் மாமாவுக்குத் தூக்கமே வராது. ஒருமுறை துபாய்க்கு டீ கப் ஏற்றுமதி செய்யப்போவதாகச் சொல்லி, மங்கலம்பேட்டைக் கடைகளில் சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களும் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். இறங்குமுகம் வந்தாலோ... போர்வைக்குள் போய்விடுவார். குளியல், சோறு எதுவும் வேண்டாம்.

பாண்டியில் ஒரு மனநல டாக்டரம்மா கொடுத்த மருந்தில் ஒருவழியாக நிலைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து வேலையிடத்தில் தலை சுற்றி விழுந்தார். பிரஷர் என்று உள்ளூர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். கொஞ்ச நாளில் மாமா மறுபடி போர்வைக்குள்.

"தனம், இந்த மாத்திர என்னக் கிணத்துக்குள்ள எறக்குது" என்றார் அக்காவிடம்.

யார் நம்புவது? புத்தி சரியில்லாதவர் பேச்சு என்று உள்ளூர் டாக்டரும் தள்ளிவிட்டார். அக்கா மாத்திரையைப் பொடி பண்ணிச் சட்னியில் கலந்தாள். மாமா கண்டுபிடித்துவிட்டார். அதோடு வீட்டுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். ஒரு மத்தியானம் ஜங்ஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தவரை அக்காதான் கையைப் பிடித்து எழுப்பினாள். அப்படியே பாண்டி பஸ் ஏறினாள்.

மாத்திரையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. பிரஷரைக் குறைக்கிற அந்த மாத்திரை சிலருக்கு மனசையும் சேர்த்து அமுக்கிவிடுமாம். இவருக்குக் கொடுத்திருக்கவே கூடாதாம்.

"நீங்க சொல்லலியா?" என்று மாமாவைக் கேட்டார்.

"சொன்னேங்க. லூஸு சொல்றான்னு வுட்டுட்டாங்க."

அக்கா தலை நிமிரவில்லை.

மருந்தை மாற்றினார்கள். அப்புறம் மாமா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா? அதுதான் இல்லை. உற்சாகம் ஏறினால், பெண்ணாடத்துக் கரும்பு டிராக்டரையே ஒத்தக் கையால் இழுப்பேன், எனக்கெதற்கு பிரஷர் மாத்திரை என்பார். மனசு இறங்கினால், இருந்து என்ன பண்ணப்போறேன் என்பார். நடுவில் நன்றாக இருக்கிற மாதங்களிலும் வாய் வறண்டு, கை நடுங்கி, இத்தனை மாத்திரையா என்று அலுத்துக்கொள்வார்.

ஆனால் அக்கா மாறிவிட்டாள். சட்னி வேலையெல்லாம் இல்லை. மாத்திரையையும் தண்ணீரையும் முன்னால் வைத்துவிட்டு, இது உங்களை என்ன பண்ணுது என்று கேட்பாள். அவர் சொன்னதை அப்படியே டாக்டரம்மாவிடம் ஒப்பிப்பாள். முறைத்துக்கொண்டாவது மாமா முழுங்குவார். மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது அவர்தான்.

மாத்திரை அவர் தொண்டையில் இறங்க வேண்டுமா? முதலில் அவர் பேச்சு நம் காதில் ஏற வேண்டும்!