அக்கரைக்குத் தள்ளிய எருமை

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, நகராட்சியும் இரண்டு கரைப் பஞ்சாயத்துகளும் ஒருவழியாகச் சேர்ந்து எங்கள் ஆற்றைத் தூர்வார வந்துவிட்டார்கள். ஜேசிபி கறுப்புச் சேற்றை அள்ளியதும் அடியிலிருந்து ஈர மணல் வாசம் வந்தது. அது மூக்கில் பட்டு நாற்பது வருஷம் இருக்கும்.

அப்போதெல்லாம் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர். இக்கரையில் அம்மா மொள்ளுவாள், அக்கரையில் அங்கே வாக்கப்பட்ட அப்பாவின் தங்கை, என் அத்தை. ஊர்க்கதை எல்லாம் ஆற்றுக்கு மேலேயே போய்வரும்.

டவுன் சாக்கடை ஆற்றில் கலந்த பிறகு, சுத்தம் செய்வது யார் என்று இரண்டு பஞ்சாயத்துக்கும் சண்டை. அப்பா எங்கள் கரை மெம்பர். ஒருநாள் செத்த எருமை ஒன்று எங்கள் பக்கம் ஒதுங்கியது. புதைக்க ஆள் வரவில்லை. அப்பா மூங்கில் கழியால் அதை அக்கரைக்குத் தள்ளிவிட்டார்.

குடத்தோடு நின்ற அத்தை கேட்டாள்: "ஏண்ணா, நான் தண்ணி மொள்ற இடம் உனக்குத் தெரியாதா?"

"உங்க பஞ்சாயத்துல போய்ச் சொல்லும்மா."

அதோடு அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவின் சிதை ஆற்றங்கரையில் எரிந்தபோதும், அக்கரையில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

இன்று தள்ளாத வயதில், அக்கரை மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுசாகச் சுரந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தேன். மோந்து பார்த்தாள்.

"குடிக்கலாமாடா?"

"இன்னும் நாளாகும் அத்தை. அதான் எல்லாரும் ஒண்ணா சேந்துட்டாங்களே."

"எங்கண்ணன் இருக்கறப்பவே சேந்திருக்கலாம்" என்று சொல்லி, அத்தை சொம்பை மணலில் கவிழ்த்தாள்.