லைப்ரரியை மாற்றப்போய் முடங்கிய கணினி

சுனாமிக்குப் பிறகு, புதுப்பட்டினத்தில் படகும் வலையும் இழந்தவர்களின் பட்டியலை, நிவாரணத்துக்காக, என் லினக்ஸ் கணினியில் தட்டச்சு செய்தேன். மீன் விற்கும் கன்னியம்மா அக்கா மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சொன்னார்.

அச்சிடுவதற்காக ஒரு மென்பொருளை நிறுவினேன். தனக்கு வேண்டிய லைப்ரரிகள், அதாவது மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்புகள், கிடைக்கவில்லை என்றது. அவை அதன் ஃபோல்டரிலேயே இருந்தன. அந்த ஃபோல்டர் இருக்கும் பாதையை மென்பொருளுக்குக் காட்டியிருந்தால் போதும். நானோ அவசரத்தில் அவற்றைக் கணினியின் சொந்த லைப்ரரிகள் மேலேயே நகலெடுத்துவிட்டேன். அதன்பின் கணினி எழவே இல்லை. மறுநாள் நிவாரண அதிகாரிகளிடம் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? அல்லாரும் நம்ம சனம், பேரு எனக்கு மறக்குமா? திரும்பச் சொல்றேன், நீ அடி" என்றார் அக்கா.

நாவலூரில் கணினி வேலை செய்யும் தம்பிக்குப் போன் செய்தேன். "ஃபார்மட் மட்டும் பண்ணிடாதக்கா, அல்லாம் அழிஞ்சிடும். சிடியிலேயே ஓடுற லினக்ஸ் உன்கிட்ட கீதுல்ல, அதப் போடு" என்றான். போட்டேன். பட்டியல் அப்படியே இருந்தது. அக்கா முதலில் தன் வீட்டுக்காரர் பெயரைக் காட்டச் சொன்னார்.

இப்போதெல்லாம் எதை நிறுவும் முன்பும் கோப்புகளை சிடியில் எழுதிவைக்கிறேன். லைப்ரரி இல்லை என்று வந்தால், அந்த மென்பொருளுக்கு மட்டும் பாதையைச் சொல்கிறேன். கணினியின் லைப்ரரிகளில் கை வைப்பதே இல்லை.