மெல்லத் தெரியாத டோ மியா சீன்

நின்றபடியே, அடுப்பை விட்டு ஓரடி நகராமல், ஒரு தட்டுச் சோற்றை நாலே நிமிடத்தில் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார் டோ மியா சீன். இடது கை கத்திரிக்காயைக் கிளறுகிறது. வாய்க்குச் சோற்றோடு பேச்சு வேலையும் உண்டு. "மா நூ, அந்தத் தண்ணியை எடுடி. எங்கண்ணி அன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?"

கூடச் சமைக்கும் மா நூவுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் அண்ணி சொன்னாளாம்: "மியா சீன் சமைச்சதை மாடுகூட மோந்துட்டுப் போயிடும்."

சகாயின் ஊர் மலைச்சரிவிலுள்ள தியான நிலையத்துக்கு அவர்தான் சமையல். ஐம்பத்தெட்டு வயது. கன்னத்தில் தனகா மரப்பட்டையை அரைத்த பூச்சு, நெற்றிப்பொட்டில் தலைவலித் தைலம். தூக்கம் கிடையாது. படுத்தால் அண்ணி வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

தியானத்துக்கு வருகிறவர்கள் சாப்பிடும் விதம்தான் அவருக்குப் பெரிய தலைவலி. நாற்பது பேரும் வாய் திறக்காமல் உட்கார்ந்து, ஒரு கவளத்தை எடுக்க ஒரு யுகம், மெல்ல ஒரு யுகம். ஜன்னல் வழியே பார்த்துப் பொருமுவார். "சோத்துல கல்லு தேடுறாங்களா? அந்த ஸ்டேஷன் மாஸ்டரைப் பாரு, தொண்டையில முள்ளு சிக்கின கொக்கு மாதிரி முழுங்குறாரு!" மௌன விரதம். போய்க் கேட்கவும் முடியாது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் நிலையத்துத் துறவியின் முன் மண்டியிட்டார். "சாமி, என் சமையல் பிடிக்கலேன்னா சொல்லிடுங்க, மூட்டையைக் கட்டுறேன். துக்க வீட்டுல மாதிரி அவங்க சாப்பிடுறதை என்னால பாக்க முடியல."

துறவிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். "ஒருநாள் அவங்களோட உக்காந்து சாப்பிடுங்கம்மா. மெல்லும்போது மெல்றதை மட்டும் பாருங்க. அப்புறமும் போகணும்னா போங்க."

மறுநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் கவளத்தில் விறகு தீர்ந்தது நினைவுக்கு வந்தது. இரண்டாவதில் காணாமல் போன சட்டிமூடி. மூன்றாவதில் அண்ணி. அவளைக் கஷ்டப்பட்டு ஒதுக்கிவிட்டுப் பருப்பை மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

உப்பு! நாக்கு மரத்துப்போகும் உப்பு. அண்ணியை நினைத்துக் கொதிக்கும்போதெல்லாம் ருசி பாராமல் ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டிருக்கிறார். எதிரே ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறாமல் ஒரு கவளம் விழுங்கி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு தம்ளர். மா நூ ஏன் தினமும் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருகிறாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

டோ மியா சீனுக்குச் சிரிப்பு பீறிட்டது. மௌனக் கூடம் அதிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தத் தண்ணீர் அத்தனையும் சிரிப்பால் வந்தது என்று சொல்ல முடியாது.

"அண்ணி அன்னிக்குச் சொன்னது பொய்டி," என்றார், சமையற்கட்டுக்குத் திரும்பியதும் மா நூவிடம். "நான்தான் ஆறு வருஷமா அதை நெசமாக்கிட்டு இருக்கேன்."

அன்று படுத்தவர் விடிந்துதான் எழுந்தார்.

நாலு நாள் கழித்து மௌனம் முடிந்தது. ஊருக்குக் கிளம்பிய ஸ்டேஷன் மாஸ்டர் பையோடு சமையற்கட்டுக்கு வந்தார். "அம்மா, நாலு நாளா பருப்புல உப்பு கம்மியா இருக்கே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. டோ மியா சீன் ஒரு கரண்டி பருப்பை எடுத்து ஊதி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பொறுங்கள் என்பதுபோல் அவரை நோக்கி ஒரு கையை உயர்த்தினார்.