அமாவாசையன்று வைத்த கூட்டம்

காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது. அப்போது எங்கள் சமையலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. அதில் எனக்குக் கவலை இல்லை. அந்தத் தண்ணீரை எதிர்பார்த்துத்தான் இருந்தோம். என் மகளின் போன் அடித்ததுதான் கோணல்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கும் காயலுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகள்தான். மார்கழி, தை மாதங்களில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது காயல் தண்ணீர் ஓடை வழியாக மேலே வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அது வாசற்படியோடு நின்றுவிடும். இப்போது குளிர்சாதனப் பெட்டிக்குச் செங்கல் வைக்க வேண்டியிருக்கிறது.

மகளுக்கு இருபத்துமூன்று வயது. கலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. மீதி நேரமெல்லாம் கடல் ஏறும் ஊர்களில் இருக்கும் அவள் வயதுப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டரில் பேச்சு. உலகத்துக்கே வந்த கஷ்டத்தை ஊர் ஊராகத் தனித்தனியே பார்த்தால் ஆகாது, சேர்ந்து பார்க்க வேண்டும் என்பாள். "முதல்ல உன் ரூமை ஒழிச்சு வை, அப்புறம் உலகத்தைப் பாரு" என்பேன் நான். அந்த வாரம் வங்கதேசத்துக் கடற்கரைப் பக்கத்திலிருந்து நான்கு பேர் வேறொரு கூட்டத்துக்காகக் கொச்சி வந்திருந்தார்கள். நான் சொல்லும் இந்த நாளுக்கு மறுநாள் விடிகாலை அவர்களுக்கு விமானம். நடுவில் ஒரே ஒரு நாளை இவளுக்காக ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீர் ஏறுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று, வீட்டில் மூன்று பேரும் காலண்டரைப் பார்த்து அமாவாசையைத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்துக் கும்பளங்கியில் செம்மீன் கெட்டு, அதாவது உப்புத் தண்ணீர் தேக்கி இறால் பிடிக்கும் வயல், நடத்தும் ஒரு சேச்சியும் அவர் கூட்டாளிகளும் வருவதாக ஏற்பாடு.

போனில் அந்தச் சேச்சிதான். அவர் பேசிய மலையாளத்தை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

"மோளே, இன்னைக்கு எங்களால வர முடியாது கேட்டோ."

"சேச்சி! ஒன்பது மணிக்கு அவங்க வந்துருவாங்க. வர்றேன்னு சொன்னீங்களே!"

"வர்றேன்னு எப்போ சொன்னேன்? பார்க்கலாம்னுதானே சொன்னேன். அமாவாசைக்குக் கூப்பிட்டா வேற என்ன சொல்ல முடியும்? இன்னைக்குத் தூம்பை விட்டுட்டு மட்டாஞ்சேரிக்குச் சாயா குடிக்க வந்தா, செம்மீன் எல்லாம் அது பாட்டுக்குப் போயிரும்."

பின்னால் தண்ணீர் இரையும் சத்தத்தோடு போன் நின்றது.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. தூம்பு என்பது கெட்டின் மதகு. கடல் ஏறும்போது அதன் பலகையைத் திறந்து கெட்டுக்குள் தண்ணீரை விடுவார்கள். இறங்கும்போது அதே வாயில் வலை கட்டிச் செம்மீன் பிடிப்பார்கள். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்ல பிடி. எங்கள் சமையலறை முழுகும் நாள்தான் அவர்களுக்கு அறுவடை நாள். அந்த நாளில் கூட்டம் வைத்திருந்தோம்.

மாடிப்படியில் நின்றபடி என் கணவர், "பேசாம கூட்டத்தை மாத்திடு" என்றார்.

"விமானத்தையும் மாத்தவாப்பா?" என்றாள் மகள். சட்டென்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"ரோடு முழுக்கத் தண்ணி. போகாதே."

"அம்மா, அவங்க வந்தா சாயா குடு. பேசிட்டு இரு."

"நான் என்னத்தப் பேச?"

"ஒண்ணும் பேச வேண்டாம், தண்ணியைக் காட்டு."

போய்விட்டாள். எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். போன் அணைந்திருக்கிறது என்றது குரல். எட்டரைக்கும் அதே. கும்பளங்கிக்குப் போகும் வழியில் இடக்கொச்சி தாண்டிப் போனால் சாலை வரம்பு மாதிரி குறுகிவிடும். இரண்டு பக்கமும் தண்ணீர். ஏற்றத்தில் சாலை எது, கெட்டு எது என்று தெரியாது. மகளுக்கு நீச்சல் தெரியாது.

ஒன்பது மணிக்கு நான்கு பேரும் வந்தார்கள், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். நான் மன்னிப்புக் கேட்கும் இங்கிலீஷைத் தேடிக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கையில் எடுத்து, கால்சட்டையைச் சுருட்டி உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவன் குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, "ஆன்ட்டி, இந்தப் பக்கம் இன்னும் ஒரு கல் வேணும், சாயுது" என்று இங்கிலீஷில் சொன்னான். அவன் வீட்டிலும் செய்து பழகிய வேலை அது என்பது அவன் தூக்கிய விதத்தில் தெரிந்தது. என் கணவர் கல் எடுத்துக் கொடுத்தார்.

பெண்களில் இளையவள் என்னோடு நின்று வெங்காயம் நறுக்கினாள். அவர்கள் ஊரில் ஒருவர் செம்மீனுக்காக உப்புத் தண்ணீர் விட்டால் பக்கத்து வயலில் நெல் கருகிவிடுமாம். மதகுக்கு மதகு சண்டையாம். அவளுடைய மாமாவுக்கு அதில் கை உடைந்ததாம். "கும்பளங்கியில ஆறு மாசம் நெல், ஆறு மாசம் செம்மீன், ரெண்டுக்கும் ஒரே மதகுன்னு உங்க மகள் சொன்னப்போ நாங்க நம்பல. அதைத் திறந்து மூடுறவங்ககிட்ட எப்படின்னு கேட்டுப் போகணும். கேட்காமப் போனா எங்க ஊர்ல எங்க பேச்சை இனி யாரும் கேட்க மாட்டாங்க."

அதுவரை இதை என் மகளின் ஆசை என்றுதான் நினைத்திருந்தேன். அவளைவிட இவர்களுக்கு அது அதிகம் தேவைப்பட்டது. எனக்கு அந்த நேரத்தில் மகள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. உப்புமாவில் உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டாம் முறையும் போட்டேன். அவர்கள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

என் போனை வாங்கி அந்தப் பெண்ணே மகளின் எண்ணை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான். நான் வீட்டுக்கு வர நேரமானா எனக்கு, என் சிநேகிதிக்கு, கடைசியில போலீஸுக்குன்னு போன் போட்டுக்கிட்டே இருப்பாங்க." நான் சிரித்துவிட்டேன். அந்தப் பயத்துக்கு நடுவிலும், வீடு நிறைய ஆட்கள் சேற்றைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தது மனதுக்கு இதமாக இருந்தது. வேறு எந்த அமாவாசைக்கும் அந்த வேலையை நானும் அவரும் மட்டும்தான் செய்திருக்கிறோம். அந்தப் பெண் இப்போதும் எனக்குப் போன் செய்கிறாள். தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்றுதான் முதலில் கேட்பாள்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் முழுதும் வடிந்துவிட்டது. பன்னிரண்டும் ஆனது. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்பும்போது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது.

முதலில் இறங்கியவர் சேச்சி. முழங்கால் வரை சேறு, கையில் ஈரப் பை. பின்னால் என் மகள், இடுப்பு வரை சேறு. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"போன் எங்கடி?"

"தூம்புல விழுந்துடுச்சும்மா. ஸ்கூட்டர் தண்ணில நின்னு போச்சு. நான் போனப்போ வலை தூக்க ஒரு ஆள் குறைஞ்சுது. கூட்டமாவது ஒண்ணாவதுன்னு நானும் பிடிச்சேன்."

"நீ உள்ள விழலையே, அது போதும்" என்றார் கணவர்.

சேச்சி பையை வெங்காயம் நறுக்கிய பெண்ணின் கையில் கொடுத்தார். "செம்மீன். இந்த வீட்டுல மீனெல்லாம் திங்க மாட்டாங்க, உங்களுக்குத்தான்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். துடைத்த தரை, வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகள், நடுவில் ஆறிப்போன சாயா.

"தூம்பைப் பார்க்க வந்தவங்களை இங்க உட்கார வச்சு என்ன பண்றீங்க? எல்லாரையும் வண்டியில ஏத்து மோளே, சாயங்காலத் தண்ணிக்கு எனக்கு ஆள் வேணும். கேட்க வேண்டியதை அங்க வந்து கேட்கட்டும், நான் சொல்றேன். அடுத்த தடவை நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளு."