சுண்ணாம்புக்குள் போன ஏழு சிவப்புக் குறிகள்

“எந்தெந்த மரத்துலப்பா குறி இருந்துச்சு?”

மரம் வெட்டும் குழுவின் தலைவர் என்னிடம்தான் இப்படிக் கேட்டார். இரண்டு நாள் முன்புதான் அந்த மரங்களுக்கு நானே சுண்ணாம்பு அடித்திருந்தேன்.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் ஜிபார்குல் அக்கா. கூட்டுவது, வாய்க்கால் மடையைத் திறந்து மரங்களுக்குத் தண்ணீர் விடுவது, குளிர்காலத்தில் கடைக்காரர்களோடு சண்டை போடுவது எல்லாம் அவர் வேலை. பனி உறையாமல் இருக்க அவர்கள் நடைபாதையில் உப்புத் தூவுவார்கள். பனியைத் தள்ளும்போது உப்போடு சேர்த்து மரத்தடியில் குவித்துவிடுவார்கள். உப்பு வேருக்கு இறங்கினால் மரம் போய்விடும். போன குளிர்காலத்தில் சாலையோர ஓக் மரங்களின் அடியில் அப்படி இடுப்பளவு குவியல். ஏப்ரலில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், மூன்று நாளுக்கு ஒருமுறை மடையைத் திறந்து அந்த உப்பைக் கழுவிக்கொண்டே இருந்தார் அக்கா.

அந்த நேரத்தில்தான் பூங்கா மேற்பார்வையாளர் வந்து, சாலையோர ஓக் வரிசையில் உப்பு அதிகம் குவிந்திருந்த ஏழு மரங்களில் முழங்கால் உயரத்தில் சிவப்புப் பெயின்ட் பூசினார். பட்டுப்போன மரங்களாம். திங்கட்கிழமை வெட்ட வேண்டும்.

“மத்த ஜாதி மரமெல்லாம் தளிர் விட்டாச்சு. இதுங்க மட்டும் என்ன மகாராஜாவா?” என்றார் மேற்பார்வையாளர்.

“ஓக் அப்படித்தான் தம்பி, லேட்டாத்தான் முழிக்கும். மே பாதி வரைக்கும் பொறுங்க,” என்றார் அக்கா.

அவர் பொறுக்கவில்லை. உறவினர் வீட்டு விருந்துக்கு மலைப்பக்கம் நாரின் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை ஊரே சேர்ந்து துப்புரவு செய்யும் நாள். எங்கள் பதினோராம் வகுப்பு பூங்காவுக்குப் போனது. வசந்தம் வந்தால் எங்கள் ஊரில் ஒரு மரத்தையும் விடாமல் நெஞ்சு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அக்கா வாளிகளைக் கொடுத்து, ஒரு மரத்தையும் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். நாங்கள் விடவில்லை. அடிமரத்தைவிட என் நண்பன் கால்சட்டையில்தான் சுண்ணாம்பு அதிகம். சிவப்பை யாரும் கவனிக்கவே இல்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகும் வழியில் ரம்பங்களோடு குழு நின்றது. சாலையோரம் பத்தொன்பது ஓக் மரங்கள், எல்லாம் வெள்ளை, எல்லாம் மொட்டை. குழுவின் கையிலிருந்த உத்தரவுத் தாளில் ஏழு மரம் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தது. மேற்பார்வையாளர் போனை எடுக்கவில்லை. தப்பான மரத்தை வெட்டினால் அபராதம் குழுவின் தலையில் விழும்.

“வேலையக் கெடுத்துட்டீங்களே அக்கா,” என்றார் தலைவர், மடைப்பக்கமிருந்து வந்த ஜிபார்குல் அக்காவிடம்.

“வருஷா வருஷம் அடிக்கிறதுதானே. மூணு வாரம் கழிச்சு வாங்கண்ணே. செத்தத நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.”

“தளிர்க்கலன்னா உங்க வேலை போயிடும், பாத்துக்கங்க.”

“போனாப் போகட்டும். அதுவரைக்கும் தண்ணி விடுறேன்.”

மே மாத மழையில் சுண்ணாம்பு கரைந்து, ஏழு மரங்களில் அடியிலிருந்த சிவப்பு தெரிந்தது. ஐந்தில் தளிர் வந்திருந்தது. மற்ற இரண்டில் பட்டை உரிந்து தொங்கியது. சொன்னபடி அக்காவே குழுவை அவற்றிடம் அழைத்துப் போனார். வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அவர் வேலை போகவில்லை.

பள்ளி முடிந்த பிறகு ஒருநாள், வேண்டுமென்றே அடிக்கச் சொன்னீர்களா என்று கேட்டேன். “குறி போட்ட மரம்னா சுண்ணாம்பு வேணாம்னு சொல்லுமா?” என்று சொல்லிவிட்டு மடையைத் திறக்கப் போய்விட்டார்.

அடுத்த குளிர்காலத்துக்குள் இந்த உப்பு விஷயத்தை, வாசலில் மரமும் கையில் பனி தள்ளும் மண்வெட்டியும் உள்ள யாருக்காவது சொல்லுங்கள். பெயின்ட் டப்பாவோடு யாராவது வந்தால் அவருக்கும் சொல்லுங்கள், ஓக் மரம் மே பாதி வரை தூங்கும் என்று.