அத்தையின் சீட்டுக்கு அடியில்

இந்தப் பூமியில் இதுவரை உட்கார்ந்தவர்கள், இனிமேல் உட்காரப்போகிறவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும், உட்காருவதைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் என் அத்தைதான். சிம்மாசனம் குத்திக் குத்திக் கடுப்பாகித்தான் ராஜாக்கள் பக்கத்து நாட்டின் மேல் படையெடுத்தார்கள் என்பது என் கணிப்பு. அந்தச் சிம்மாசனங்களை ஒரு தடவை அத்தை கையில் கொடுத்திருந்தால் சரித்திரப் புத்தகம் பாதியாக மெலிந்திருக்கும். நானும் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன்.

தெருவில் அவளுக்குச் சீட்டக்கா என்று பேர். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய பட்டறை. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதாவது பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதைவிட ஹேண்டில்பாரைத் துடைப்பதில் அதிக நேரம் செலவழிப்பவர்கள், அவளைத் தேடி வருவார்கள். அந்தக் காலத்துத் தோல் சீட்டு நடுவில் தொய்ந்து, ஓரத்தில் கல்லாக இறுகியிருக்கும். ஏறி உட்கார்ந்தால் அடியில் இருக்கிற கம்பி நலம் விசாரிக்கும். ஆனால் சீட்டை மாற்ற மனசு வராது. ஒரு ரிவிட் மாறக்கூடாது, கம்பெனி முத்திரையில் ஓர் எழுத்து அழியக்கூடாது, ஆனால் மெத்தை மாதிரி இருக்கணும் என்பார்கள். குளிக்கவும் வேணும், நனையவும் கூடாது.

அத்தை வேலை செய்வதெல்லாம் அடியில்தான். மெழுகும் எண்ணெயும் கலந்து தோலின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து இளக்குவாள். சீட்டின் கூர்ந்த முனை, அதாவது மூக்கு, அந்தப் பக்கத்து நட்டைத் திருகித் தொய்வை எடுப்பாள். பிறகு தோலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு முரட்டுக் கித்தான் துணித் துண்டைத் தூளி மாதிரி, மூக்கிலிருந்து பின்தகடுவரை நாடாவால் இழுத்துக் கட்டுவாள். எலும்பு படுகிற இரண்டு இடத்தில் மட்டும் கம்பளித் துணியை மடித்து வைப்பாள். பாரத்தையெல்லாம் கித்தான் வாங்கிக்கொள்ளும். தோல் மாப்பிள்ளை மாதிரி மேலே சும்மா இருக்கும். ஓட்டை போட மாட்டாள், பசை தொட மாட்டாள். முடிச்சை அவிழ்த்தால் சீட்டு வந்தபடியே திரும்பிப் போகணும். இது அவளுடைய சட்டம்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமாவின் உடம்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

மாமா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு நாள் இடுப்பு வலிக்கிறது என்றார். கடை நாற்காலியில் ஒரு தலையணை வைத்தார்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதுகெல்லாம் படுக்கைப்புண். எலும்பு எந்தெந்த இடத்தில் தோலை உள்ளேயிருந்து தின்கிறது என்று அத்தையின் விரலுக்குத் தெரிந்தது அந்தப் புண்களுக்கு மருந்து வைத்தபோதுதான். கடைசியில் கட்டில் சட்டத்தில் கித்தானைத் தொங்கக் கட்டி அவரை அதில் கிடத்தினாள். கொஞ்சம் தூங்கினாராம். அவர் போன பிறகு மிச்சமிருந்த கித்தானை அவருடைய சைக்கிள் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு, அந்தச் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்தாள். வழியில் யாரோ நிறுத்தி, என் சீட்டுக்கும் இப்படிக் கட்டித் தருவீங்களா என்று கேட்டதில் ஆரம்பித்ததுதான் எல்லாம். இதையெல்லாம் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்த கதை மாதிரி என்னிடம் சொன்னாள், பல்லால் நூலை அறுத்துக்கொண்டே.

அந்தச் சைக்கிள் துருப்பிடித்து ஒடிந்ததும் சீட்டை மட்டும் கழற்றி, ஒரு குழாயில் மாட்டி, அடியில் மூன்று கால் வைத்து இருக்கையாக்கிக்கொண்டாள். அதிலிருந்த கித்தானையும் எடுத்துவிட்டாள். வருகிறவர்களை முதலில் அதில்தான் உட்காரச் சொல்வாள். அவர்கள் முகம் கோணுகிறவரை காத்திருந்து, பிறகு தன் கை பட்ட சீட்டைக் காட்டுவாள். மற்ற நேரமெல்லாம் அதில் அவளே உட்கார்ந்திருப்பாள். உட்காரும்போது வலது ஸ்பிரிங் கிறீச் என்று ஒரு தடவை கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு தடவை நோட்டுப் புத்தகக் கடைக்காரருடைய சீட்டுக்குள் நான் ஒரு பொம்மையின் பீப்பியைச் செருகிவிட்டேன். மனுஷர் உட்கார்ந்ததும் வந்த சத்தத்தில் தன் வயிற்றையே சந்தேகப்பட்டு, மோர் வேண்டாம் தண்ணீர் போதும் என்றார். அத்தை அவர் முன்னால் கல் மாதிரி நின்றாள். அவர் தெருமுனை தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டு திட்டினாள். வேலை செய்யும்போது அவள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணியின் நாடாவைப் பின்னால் மேஜைக்காலில் கட்டிவைப்பது, கண்ணாடியின் காதுப் பக்கம் மை தடவுவது, இதெல்லாம் எனக்கு அன்றாடக் கடமை.

பிறகு அத்தைக்கும் இடுப்பு வலித்தது.

டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அப்பா பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். அத்தை அவரைப் பேசவிட்டுவிட்டு, எலும்புக்குப் போயிடுச்சா என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் வலிக்குத்தான் மாத்திரை, நோய்க்கு இல்லை. உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று டாக்டரைக் கேட்டியா என்றாள். அவர் அதைக் கேட்கவில்லை.

உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. சதை போன இடத்தில் எலும்பு வந்து நின்றது. கிறீச் சத்தத்தோடு உட்காருகிறவள், டீ ஆறுவதற்குள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். நின்றால் கால் நடுங்கும். மறுபடி உட்காருவாள். நோட்டுப் புத்தகக் கடைக்காரர் கொண்டுவந்த இரண்டாவது சீட்டு பாதி வேலையோடு மேஜையில் கிடந்தது. அம்மா கடையெல்லாம் அலைந்து, நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தை ஒன்றை வாங்கி வந்து, அண்ணி, இதைப் போட்டு உட்காருங்க என்றாள். அத்தை அதை என்னிடம் கொடுத்து, ஆற்றில் நீச்சல் பழக எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பிடிவாதம் எதுக்குக்கா, கொஞ்சம் படுத்தாத்தான் என்ன என்று கத்தினார். அத்தை கத்தவில்லை.

"தலையணையிலதான்டா அவருக்கு ஆரம்பிச்சுது. தலையணை, அப்புறம் கட்டில், அப்புறம் நீங்க எல்லாரும் சுத்தி உட்கார்ந்து என் மூஞ்சியப் பார்ப்பீங்க. அந்த வழி எனக்குத் தெரியும். நான் அதுல போகல."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மெத்தை என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

மறுபடி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று நான் வயிற்று வலி என்று வீட்டில் இருந்துகொண்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குக் கைகொடுத்து வரும் வயிற்று வலி. அத்தை உட்காரும் அந்த மாமா சீட்டைக் கவிழ்த்தேன். அடியில் படிந்திருந்த தூசியை முதலில் ஒரு காகிதத்தில் வழித்து வைத்துக்கொண்டேன். கித்தானுக்கு என் பழைய பள்ளிக்கூடப் பையை வெட்டினேன். படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் உபயோகம். மூக்கில் ஒரு முடிச்சு, பின்தகட்டில் இரண்டு. கம்பளித் துணிக்கு என் குளிர்காலச் சட்டையின் கை. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இறங்கினேன், இழுத்துக் கட்டினேன், மறுபடி ஏறினேன். எலும்பில் எதுவும் முட்டவில்லை. ஆனால் ஸ்பிரிங் கத்தவில்லை. கித்தான் அதன் வாயை அடைத்துவிட்டது. கத்தாவிட்டால் அத்தைக்குத் தெரிந்துவிடும். நாடாவை அரை விரல் நகர்த்தி நகர்த்தி, அந்தக் கிறீச் திரும்பி வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் தூசியை மேலே தூவி ஊதிவிட்டேன்.

சாயங்காலம் அத்தை வந்து உட்கார்ந்தாள். கிறீச். நான் வாசற்படியில் நகம் வெட்டுகிற மாதிரி இருந்தேன். ஊசியை எடுத்தாள். டீ ஆறியது. ஆறிய டீயைக் குடித்தாள். டம்ளரில் எறும்பு வந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். வலி போய்விடவில்லை. மாத்திரை ஏறிக்கொண்டேதான் இருந்தது, உதட்டைக் கடித்துக் கடித்து ஓரத்தில் புண் வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரின் சீட்டு முடிந்தது. அவர் வந்து எடுத்துப்போகும்போது அத்தையின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த மாதிரி ஒரு சத்தமாவது வந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

அப்பாவும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"என் நாடாவ மேஜைக்கால்ல கட்டி எவ்வளவு நாளாச்சுடி?"

நான் திருந்திவிட்டேன் என்றேன். வயசாகிறதல்லவா என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"நீ திருந்துற ஆளா? ஏதோ பண்ணிட்டு, பயந்துபோய் என்னைத் தொடாம இருக்க. எங்கன்னு தேடினேன்."

குனிந்து பார்க்க அவளால் முடியாது. கையை மட்டும் சீட்டுக்கு அடியில் விட்டாள். விரல் மூக்கு முடிச்சுக்குப் போனது, பின்தகட்டுக்குப் போனது, கித்தானை நெடுக வருடியது. பையில் அம்மா தைத்திருந்த என் பேரின் முதல் எழுத்தில் போய் நின்றது. பிய்த்து எறிந்துவிட்டு எழுந்துவிடுவாள், அப்புறம் நிற்கவும் முடியாது, கட்டில்தான் என்று நினைத்தேன்.

"ரிவிட்டத் தொட்டியா?"

இல்லை என்றேன். ஓட்டை போட்டாயா என்றாள். இல்லை. அவிழ்த்தால் அவர் வைத்துவிட்டுப் போன மாதிரியே இருக்குமா என்றாள். இருக்கும் அத்தை, தூசிகூட அதே தூசிதான் என்றேன்.

கையை வெளியே எடுத்து, விரலில் ஒட்டிய தூசியைப் புடவையில் துடைத்தாள்.

"உன் எடைக்குக் கட்டியிருக்க, எருமை. விறைப்பா நிக்குது. நான் இப்ப அதுல பாதிகூட இல்ல. இளக்கிவிடு."

எழுந்துகொள்ளுங்கள் என்றேன். எழுந்தால் மறுபடி உட்கார முடியுமோ என்னவோ, அப்படியே கட்டு என்றாள். தரையில் மல்லாந்து படுத்து, சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். அவளுடைய பாரம் மொத்தமும் என் முகத்துக்கு மேலே அந்தக் கித்தானில் இருந்தது. கையால் தாங்கிப் பார்த்தேன். துணி தொய்யக்கூட இல்லை, அவ்வளவு லேசாக இருந்தாள். முடிச்சை இளக்கினேன். இன்னும் என்றாள். இளக்கினேன். இன்னும் என்றாள். இனி இளக்க நாடாவே இல்லாத இடத்துக்கு வந்ததும், போதும் என்றாள். நான் வெளியே வரவில்லை. நாடாவைச் சரி செய்கிற மாதிரி அங்கேயே கிடந்தேன்.

"அங்க படுத்து அழாத," என்றாள் மேலேயிருந்து. "தோல்ல உப்புத்தண்ணி பட்டா கறை போகாது."