எதிரே வந்து நின்ற திரை

ஊர்ப் பெண்களின் ரகசியமெல்லாம் தையல்காரியின் கடைத் திரைக்குப் பின்னால்தான் அவிழும். அளவு நாடா மார்பைச் சுற்றும்போது யாருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். புருஷன் சண்டையோ, தள்ளிப்போன நாளோ, முதலில் அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பெருமையில்தான் அவள் மிஷினே ஓடியது.

அதற்கு வந்தது வினை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர ஒரு பகல் முழுக்க ஆகும் அந்த ஊருக்கு, மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் பஸ் ஒன்று வந்து, கடைக்கு எதிரிலேயே நின்றது. அதற்குள்ளும் ஒரு திரை. படமெடுக்க ஒரு சின்னப் பெண். வெளியே வரிசையோ வரிசை. தையல்காரிக்கு வயிறு எரிந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இவ்ளோ நேரம் அவகிட்ட என்னடி பேச்சு?”

“மார்ல கொஞ்ச நாளா வலி, அண்ணி. அதைச் சொன்னேன்.”

“எங்கிட்ட மூச்சு விடலையே!”

“உங்ககிட்ட சொன்னா, அளவெடுக்கும்போதெல்லாம் அங்கயே பாப்பீங்க. அவ நாளைக்குப் போயிடுவா.”

சுருக்கென்றது. இத்தனைக்கும் தையல்காரியின் இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அதை அவள் தன் கத்தரிக்கோலிடம்கூடச் சொன்னதில்லை.

அப்படி என்ன சொக்குப்பொடி வைத்திருக்கிறாள், பார்த்துவிடுவோம் என்று கிளம்பினாள். படமெடுக்கப் போகிறவளாயிற்றே! கழுத்திலிருந்து அக்குள்வரை பவுடரை அப்பிக்கொண்டு ஏறினாள்.

“அக்கா, பவுடரைத் துடைச்சிடுங்க. படத்துல புள்ளி புள்ளியா விழும்,” என்று அந்தப் பெண் ஈரத்துணியை நீட்டினாள். தையல்காரியின் கழுத்தில் தொங்கிய நாடாவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். “எல்லாருக்கும் நீங்க அளவெடுப்பீங்க. உங்களுக்கு யாரு எடுப்பா?”

யாரும் எடுத்ததில்லை. பழைய சட்டையை வைத்துத்தான் தனக்கு வெட்டிக்கொள்வாள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது கட்டியின் கதை.

படமெடுத்து முடித்ததும் அந்தப் பெண் சொன்னாள்: “படம் எப்படி வந்தாலும் இதைப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடணும்க்கா. தள்ளிப்போடாதீங்க.”

கீழே நின்ற நாத்தனார், இறங்கி வந்த அண்ணியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“நேத்து வந்தவகிட்ட சொல்வீங்க, எங்கிட்ட சொல்ல மாட்டீங்க!”

“நீ மட்டும் என்னவாம்?”

“சரி, அந்த மகராசியா ஆஸ்பத்திரிக்குக் கூட வரப்போறா? நான்தான் வருவேன். திரைக்கு வெளியில நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“ரொம்பப் பொறாமைடி உனக்கு,” என்றாள் தையல்காரி. காலை வண்டிக்குக் கிளம்ப வேண்டும். கடைக்கு வந்து மிஷினுக்கு உறையை விரித்தாள். மறுமுனையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.